கரண்ட் இல்லாமல் எரியும் பெல்லட் அடுப்பு: அடுப்புக்கு முன் புகைபோக்கியைப் பாருங்கள்

அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்குக் குடிவந்து, முதல் குளிர்காலத்திலேயே ஒரு பெரிய மின்தடையில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும், மரத்தூள் குச்சிகளை எரித்து வீட்டைச் சூடாக்கும் அடுப்பைப் பற்றி ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "பெல்லட் அடுப்பு வாங்கலாமா? கரண்ட் போனாலும் எரியுமா?" வாங்கலாம். ஆனால் கடையில் வரிசையாக நிற்கும் அடுப்புகளில் பெரும்பாலானவை கரண்ட் போனதும் நின்றுவிடும். மின்சாரமே கேட்காத பெல்லட் அடுப்பும் இருக்கிறது. அது எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா, வந்தால் எப்படி நிறுவி எப்படி எரிப்பது, வராவிட்டால் வேறு என்ன வழி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

நான் இதைக் கற்றுக்கொண்டது 2011 அக்டோபர் கடைசியில். மரங்களில் இலை உதிர்வதற்கு முன்பே ஈரமான பனி கொட்டியது. இலைகளின் மேல் பனி தங்கி, பாரம் தாங்காமல் கிளைகள் மின்கம்பிகள் மேல் முறிந்து விழுந்தன. எங்கள் தெருவில் நான்கு நாள் கரண்ட் இல்லை. வீட்டில் நல்ல பெல்லட் அடுப்பு இருந்தது, கீழே பேஸ்மென்டில் 50 மூட்டை பெல்லட் அடுக்கியிருந்தது. கரண்ட் போனதும் அடுப்பின் விசிறி நின்றது, கிண்ணத்தில் எரிந்துகொண்டிருந்தது புகைந்து, அந்தப் புகை கூடத்துக்குள் வந்தது, புகை அலாரம் அலறியது. நாங்கள் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு டன் எரிபொருளைக் கீழே வைத்துக்கொண்டு குளிரில் நடுங்கியதை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

இந்தப் பக்கத்தில் இது அபூர்வமான சம்பவமும் அல்ல. 2008 டிசம்பரில் உறைமழை பெய்து, கம்பி, கிளை, கம்பம் எல்லாவற்றின் மேலும் பனிக்கட்டி கோட்டுப்போல் படிந்தபோது இந்த மாநிலத்தில் மட்டும் 4 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் அறுந்தன. சில ஊர்களில் கரண்ட் திரும்ப இரண்டு வாரம் பிடித்தது. வீட்டைச் சூடாக்க எண்ணெய், புரொப்பேன் ஃபர்னஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அதன் பற்றவைப்பானுக்கும் விசிறிக்கும் பம்புக்கும் கரண்ட் வேண்டும். ஊருக்கு வெளியே கிணற்று வீடு என்றால் தண்ணீர் மோட்டாரும் ஓடாது.

முதலில், சாதாரண அடுப்புக்குக் கரண்ட் எதற்கு?

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சி. நம் ஊரில் மாட்டுக்கு வைக்கும் குச்சித் தீவனம் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதே உருவம். கால் அங்குலக் கனம். அமெரிக்காவில் 40 பவுண்டு மூட்டையாக வரும், 50 மூட்டை ஒரு டன்.

1980களின் தொடக்கத்தில் சியாட்டில் பக்கம் போயிங்கில் பொறியாளராக இருந்த ஜெர்ரி விட்ஃபீல்டு என்பவர்தான் வீட்டுக்கான பெல்லட் அடுப்பை உருவாக்கியவர். விமானக்காரர் செய்த அடுப்பு என்பது அதன் உள்ளே பார்த்தாலே தெரியும். எல்லாமே மோட்டார். தொட்டியிலிருந்து பெல்லட்டை அளந்து தள்ள ஒரு திருகு, அதைச் சுற்ற ஒரு மோட்டார். புகையை வெளியே இழுக்க ஒரு விசிறி. சூட்டை அறைக்குள் தள்ள இன்னொரு விசிறி. பற்றவைக்க, மின்சாரத்தில் சூடேறும் ஒரு கம்பி. இவற்றையெல்லாம் மேய்க்க ஒரு கட்டுப்பாட்டுப் பலகை. ஓடும்போது மொத்தம் 100 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும், ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்கு. பற்றவைக்கும் சில நிமிடங்களில் மட்டும் 300, 400 வாட் கேட்கும்.

இதில் புகை இழுக்கும் விசிறியைக் கவனித்து வையுங்கள். மற்ற வேலைகளைப் புவியீர்ப்பும் கையும் பார்த்துக்கொள்ளும். பெல்லட் தானாகச் சரியும், நாமே பற்றவைக்கலாம், சூடு தானாகப் பரவும். ஆனால் பெல்லட் நெருக்கமாகக் குவிந்து எரிவது. விறகுபோல் இடைவெளி கிடையாது. அந்தக் குவியலுக்குள் காற்றை யாராவது இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விசிறி இல்லாத அடுப்பில் அந்த வேலை முழுக்கப் புகைபோக்கியின் தலையில் விழுகிறது.

மரத்தூள் அடுப்பு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். தகர டின்னில் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கெட்டித்து, பாட்டிலை உருவி எடுத்தால் நடுவில் ஒரு குழி. கீழ்ப் பக்கத் துளை வழியாகக் காற்று நுழைந்து அந்தக் குழி வழியாக மேலே ஏறும். குழி அடைந்தால் புகையும், சரியாக இருந்தால் மணிக்கணக்கில் எரியும். அந்தக் குழியை 15 அடி உயரத்துக்கு நீட்டிக் கூரைக்கு மேலே கொண்டுபோனால் அதுதான் மின்சாரமில்லாத பெல்லட் அடுப்பு.

இந்த வகை அடுப்புகளில் இங்கே பலருக்கும் தெரிந்தது ஒரேகன் மாநிலத்தில் பிறந்து, பின்னர் யுஎஸ் ஸ்டவ் கம்பெனியின் பெயரில் விற்பனைக்கு வந்த வைஸ்வே. பார்த்தால் அடுப்பு என்று சொல்ல மாட்டீர்கள், ஏதோ ஆலைக் குழாயைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்ததுபோல இருக்கும். மேலே தொட்டி, அதிலிருந்து சரிவாக இறங்கும் குழாய், அதன் அடியில் கம்பிக் கூடை. பெல்லட் எரிந்து குறையக் குறைய மேலிருந்து சரிந்து நிரம்பும். சுடர் கீழ்நோக்கி இழுக்கப்பட்டு, குழாய்களில் சூட்டை விட்டுவிட்டுப் புகைபோக்கிக்குப் போகும்.

படி 1: புகைபோக்கி

அடுப்பு விலையைப் பார்ப்பதற்கு முன் வெளியே போய் உங்கள் வீட்டுக் கூரையைப் பாருங்கள். கேலி இல்லை, முடிவு அங்கேதான் இருக்கிறது.

கரண்டில் ஓடும் சாதாரண பெல்லட் அடுப்புக்கு (இனி மின்சார அடுப்பு என்கிறேன்) 3 அல்லது 4 அங்குலக் குழாயைச் சுவர் வழியாகக் குறுக்கே வெளியே விட்டாலே போதும், விசிறி தள்ளிவிடும். அதனால்தான் அவற்றை எங்கே வேண்டுமானாலும் வைக்க முடிகிறது. விசிறி இல்லாத அடுப்புக்குக் குழாய் நேர்க்குத்தாக மேலே போக வேண்டும், வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. விறகு அடுப்புகளின் கையேடுகள் பொதுவாக 12 முதல் 15 அடி உயரம் கேட்கும், இங்கேயும் அதற்குக் குறைந்து யோசிக்காதீர்கள். கூரைக்கு மேலே எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதற்கு இங்கே எல்லாத் தொழிலாளிகளும் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி அதிகம்.

இழுப்பு எங்கிருந்து வருகிறது? குழாய்க்குள் இருக்கும் சூடான காற்று வெளிக்காற்றைவிட லேசு. அந்த எடை வித்தியாசம்தான் இழுப்பு. குழாய் உயரமாக உயரமாக, உள்ளும் வெளியும் இருக்கும் சூட்டு வித்தியாசம் கூடக்கூட, இழுப்பு கூடும். ஜனவரி இரவில் வெளியே மைனஸ் 10 டிகிரி, குழாய்க்குள் 150 டிகிரி என்றால் கிடைக்கும் இழுப்பில், ஏப்ரலில் வெளியே 15 டிகிரியும் குழாய்க்குள் 100 டிகிரியும் இருக்கும்போது பாதியை ஒட்டித்தான் கிடைக்கும். இந்த அடுப்பு கடுங்குளிரில் ஜம்மென்று எரிந்து, இளங்குளிரில் முரண்டு பிடிப்பது அதனால்தான். வாங்கியவர்கள் பலர் முதல் அக்டோபரிலேயே "புகைகிறது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அடுப்பு ஏமாற்றவில்லை, வானிலைக்கு இன்னும் குளிரவில்லை.

மூன்று இடங்களில் இதை வைக்காதீர்கள். முதலாவது பேஸ்மென்ட். குளிர்காலத்தில் வீடே ஒரு பெரிய புகைபோக்கி மாதிரி நடந்துகொள்ளும். சூடான காற்று மாடி இடுக்குகள் வழியாக வெளியேறும், கீழ்த்தளம் வெளியிலிருந்து காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலோடு உங்கள் அடுப்பு போட்டி போட வேண்டியிருக்கும், பற்றவைக்கும் நேரத்தில் பெரும்பாலும் தோற்கும். இரண்டாவது, சுவருக்கு வெளியே முழுக்கக் குளிரில் நிற்கும் பழைய செங்கல் புகைபோக்கி. அதற்குள் குளிர்காற்று அடைப்பான் மாதிரி உட்கார்ந்திருக்கும், உள்ளே எஃகுக் குழாய் விட்டுச் சுற்றிலும் வெப்பக்காப்பு கொடுக்காமல் அது ஆகாது. மூன்றாவது, சமையலறைப் புகை விசிறிக்குப் பக்கத்தில். நாம் தாளிக்கும்போது அதை முழு வேகத்தில் போடுவோம். அது அறைக்காற்றை வெளியே தள்ளும்போது அடுப்பின் புகை உள்ளே திரும்பும். மின்தடை நேரத்தில் அந்த விசிறியும் துணி உலர்த்தியும் ஓடாது என்பதால் இந்தத் தொல்லை இருக்காது. ஆனால் அடுப்பை மற்ற நாளும்தானே எரிப்பீர்கள்?

வெப்பக்காப்புள்ள புதுப் புகைபோக்கி ஒன்றைக் கூரை வழியாகக் கொண்டுபோக அடுப்பின் விலையைவிட அதிகம் ஆகலாம். தொழில்முறை ஆளைக் கூப்பிட்டு முதலில் அதற்கு மதிப்பீடு வாங்குங்கள். உங்கள் ஊர் அலுவலகத்தில் அனுமதி, வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு தகவல், இரண்டையும் அடுப்பு வாங்கும் முன்பே முடியுங்கள். அடுப்பின் பின்பக்கத் தகட்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். 2020 மே முதல் புது அடுப்பு மணிக்கு 2 கிராமுக்கு மேல் புகைத்துகள் விடக் கூடாது என்பது விதி. பழைய அடுப்பு மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி, தகடு இல்லாததால் அனுமதி கிடைக்காமல் கராஜில் போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு.

படி 2: பெல்லட்

மின்சார அடுப்பு சுமாரான பெல்லட்டையும் ஓரளவு சமாளிக்கும். விசிறி ஊதும், சில மாடல்களில் கிண்ணத்தைக் கிளறிவிடும் கருவியும் உண்டு. நம் அடுப்பில் யாரும் கிளற மாட்டார்கள். அதனால் சாம்பல் குறைவானதாக வாங்க வேண்டும். மூட்டையில் பெல்லட் எரிபொருள் கழகத்தின் 'பிரீமியம்' முத்திரை இருந்தால் சாம்பல் 1 சதவீதத்துக்குள் இருக்கும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் 'இஎன்பிளஸ் ஏ1' என்று பாருங்கள், அங்கே வரம்பு 0.7 சதவீதம். மரப்பட்டையும் மண்ணும் கலந்த மலிவுச் சரக்கில் சாம்பல் உருகி, ஆறும்போது கண்ணாடிபோல் கெட்டியாகிக் கூடைக் கம்பிகளில் ஒட்டிக்கொள்ளும். கொல்லன் உலையில் கிட்டம் சேர்வதுபோல. கிட்டம் அடைத்தால் காற்று நிற்கும், காற்று நின்றால் புகைதான்.

எந்தக் கம்பெனியாக இருந்தாலும் முதலில் மூன்று மூட்டை மட்டும் வாங்கி எரித்துப் பாருங்கள். மூட்டையின் அடியில் தூள் அதிகமா, பெல்லட் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் நீளமா என்று கவனியுங்கள். நீளமானவை சரிவுக் குழாயின் வாயில் ஒன்றோடொன்று சாய்ந்து பாலம் கட்டிக்கொள்ளும். மேலே தொட்டி நிறைய இருக்கும், கீழே கூடை காலியாக இருக்கும். மின்சார அடுப்பில் திருகு அதை உடைத்துவிடும், இங்கே நீங்கள்தான் தட்டிவிட வேண்டும்.

ஈரம் பட்ட பெல்லட் ஊதி மறுபடியும் மரத்தூளாகிவிடும், அதை மீட்க வழியே இல்லை. கராஜ் தரையில் நேராக அடுக்காமல் பலகை போட்டு அடுக்குங்கள். மூட்டையில் வாங்குபவர்களுக்கு இது போதும். மொத்தமாகக் கொட்டி வைக்கும் மூடிய கிடங்கு அறை இருந்தால் மட்டும் இன்னொரு விஷயம்: குவிந்திருக்கும் பெல்லட், எரியாமலே மெதுவாகக் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். காற்றோட்டம் இல்லாத அந்த அறைக்குள் தலையை நுழைக்காதீர்கள்.

படி 3: பற்றவைப்பது

பொத்தான் இல்லை. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் கை பழகிவிடும்.

கூடையில் பழைய சாம்பலும் கிட்டமும் இல்லாமல் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். காற்று வழியை முழுக்கத் திறந்து வையுங்கள். அடுத்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் காற்று வாய்க்குப் பக்கத்தில் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் புகைபோக்கி தயார். நேராக மேலே போனாலோ உங்கள் முகத்துக்குத் திரும்பினாலோ குழாய்க்குள் குளிர்காற்று உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். குழாயின் சுத்தம் செய்யும் கதவைத் திறந்து, ஒரு செய்தித்தாளைக் கசக்கி உள்ளே எரியவிட்டுக் கதவை மூடுங்கள். மறுபடி ஊதுபத்தி. இதைவிட மலிவான சோதனைக் கருவி கிடையாது, அமெரிக்கக் கடைகளில் இதற்கென்று புகைக் குச்சி தனியாக விற்கிறார்கள்.

இழுப்பு வந்ததும் தொட்டியை நிரப்பி மூடியை அழுத்தி மூடுங்கள். மூடியின் கேஸ்கெட் (காற்று கசியாமல் அடைக்கும் பட்டை) பிய்ந்திருக்கக் கூடாது. மேலே காற்று கசிந்தால் தீ சரிவுக் குழாய் வழியாகத் தொட்டியை நோக்கி ஏறப் பார்க்கும். பிறகு கூடையில் இருக்கும் பெல்லட்டைக் கையேடு சொல்லும் முறையில், புரொப்பேன் டார்ச்சாலோ பற்றவைக்கும் ஜெல்லாலோ கொளுத்துங்கள். டார்ச் என்றால் சில நிமிடம் பொறுமையாகப் பிடிக்க வேண்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டவே வேண்டாம். தீ சரியாகப் பிடிக்கவில்லை என்று கனலின் மேல் மறுபடி ஜெல் ஊற்றாதீர்கள், ஆவி குப்பென்று பிடித்துக் கையைச் சுடும்.

கால் மணி நேரமாவது காற்று வழி முழுக்கத் திறந்தே இருக்கட்டும். அவசரப்பட்டுக் குறைத்தால் புகைபோக்கி சூடாவதற்குள் தீ மங்கிவிடும். சுடர் மஞ்சள் வெளிச்சமாக, துடிப்பாக இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சுடர் சோம்பி, ஆரஞ்சாகி, நுனியில் கரும்புகை தெரிந்தால் அதிகமாகக் குறைத்துவிட்டீர்கள்.

படி 4: கூடவே இருப்பது

வெப்பநிலையை 21 என்று வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இந்த அடுப்புக்குத் தெர்மோஸ்டாட் இல்லை. காற்று வழியைக் கூட்டினால் சூடு கூடும், குறைத்தால் குறையும். நீங்கள் செய்வது அரை மணி கழித்துத்தான் அறையில் தெரியும். காற்று திசை மாறினாலும், வெளியே வெயில் ஏறினாலும் எரிவது மாறும்.

கூடையைச் சில மணிக்கு ஒருமுறை பார்த்துச் சாம்பலைத் தட்டிவிட வேண்டும். எத்தனை மணிக்கு என்பதைப் பெல்லட்தான் முடிவு செய்யும். தொட்டியை முழுக்கக் காலியாக விடாதீர்கள். சரிவுக் குழாயில் நெருக்கமாக நிற்கும் பெல்லட்தான் புகை மேலே ஏறாமல் அடைத்து வைக்கிறது, அது தீர்ந்தால் புகை தொட்டிக்குள் வரும். அணைக்கவும் பொத்தான் இல்லை. உள்ளே விட்டது எரிந்து தீரும்வரை, அல்லது தடுப்புத் தகடு இருக்கும் மாடலில் அதை இழுத்துவிட்டு, காத்திருக்க வேண்டும். வீட்டில் யாராவது இருக்கும் குடும்பத்துக்கு இது சரி. காலையில் இருவரும் வேலைக்குப் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்பும் வீட்டுக்கு இது சரிப்படாது.

சூடு பரவுவதும் வேறு மாதிரி. விசிறி இல்லாததால் அடுப்பு இருக்கும் அறை கொதிக்கும், கடைசிப் படுக்கையறை சில்லென்று இருக்கும். வெளிப்புற இரும்பு தொட முடியாத சூட்டில் இருக்கும், தவழும் குழந்தை இருந்தால் சுற்றிலும் வேலி கட்டாயம். அடுப்பின் மேல் வைத்தால் அந்தச் சூட்டிலேயே மின்சாரம் உண்டாக்கிக்கொண்டு சுழலும் சின்ன விசிறிகள் இருக்கின்றன, கனடாவின் காஃப்ராமோ தயாரிக்கும் ஈக்கோஃபேன் அப்படிப்பட்டது. அறைக்குள் காற்றைக் கொஞ்சம் அசைக்கும். பக்கத்து அறையைச் சூடாக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மின்தடை நாட்களில் எல்லோரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுப்பதுதான் வழி. எங்கள் பிள்ளைகளுக்கு அது திருவிழா.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் நான் மனம் மாறினேன். 40 பவுண்டு மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 3,20,000 பிடியு வெப்பம் இருக்கிறது. நமக்குப் பழகிய மின்சார யூனிட்டில் சொன்னால் 90ஐத் தாண்டும். அதில் நான்கில் ஒரு பங்கு புகைபோக்கி வழியே போனாலும் 65, 70 யூனிட் அறைக்கு வரும். ஒரு மூட்டையை ஒரு நாள் முழுக்க எரிக்க, மின்சார அடுப்பு செலவழிப்பதோ இரண்டு, இரண்டரை யூனிட்தான்.

அப்படியானால் தொல்லை அந்த இரண்டரை யூனிட்டில்தான் இருக்கிறது. அதற்காகப் புது அடுப்பும் புதுப் புகைபோக்கியும் வேண்டுமா? 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1.28 யூனிட் இருக்கும். இன்வெர்ட்டரில் வீணாவது போக 1.1 கிடைத்தால், 100 வாட் அடுப்பு 11 மணி நேரம் ஓடும். இரண்டு பேட்டரி வைத்தால் ஒரு நாளை ஒட்டி வரும். நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒரு சின்ன ஜெனரேட்டரை ஓட்டிச் சார்ஜ் ஏற்றினால் ஒரு வாரத்தையே கடத்திவிடலாம். இரவெல்லாம் ஜெனரேட்டர் சத்தம் தேவையில்லை.

இன்வெர்ட்டர் வாங்கும்போது 'பியூர் சைன் வேவ்' (வீட்டுக் கரண்ட்போல் சீரான அலை தருவது) என்று இருக்கிறதா பாருங்கள். மலிவான 'மாடிஃபைடு சைன் வேவ்' இன்வெர்ட்டரில் அடுப்பின் மோட்டார் முனகும், கட்டுப்பாட்டுப் பலகை குழம்பிப் பிழை காட்டும். பற்றவைக்கும் நேரத்துக்குத் தாங்குமாறு குறைந்தது 600 வாட். முதலில் உங்கள் அடுப்பு உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று செருகி அளக்கும் மீட்டரில் பார்த்துவிடுங்கள். என் அடுப்பு குறைந்த வேகத்தில் 80 வாட்டை ஒட்டித்தான் காட்டியது.

இவ்வளவு வேண்டாம், புகை மட்டும் உள்ளே வராமல் இருந்தால் போதும் என்றால் கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றே போதும். கால் மணி, அரை மணி தாங்கும், அதற்குள் அடுப்பை முறையாக அணைத்துவிடலாம். 2011இல் எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

விறகு அடுப்பு ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று: அதற்குள் வைக்கும் துளையிட்ட எஃகுக் கூடை. அதில் பெல்லட்டை நிரப்பிக் கொளுத்தினால் சில மணி நேரம் எரியும். விறகு தீர்ந்த இரவுக்கு நல்ல கைத்துணை. அடுப்புத் தயாரிப்பாளர் இதை அனுமதிக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பலர் உத்தரவாதத்தை ரத்து செய்துவிடுவார்கள். நேர்மையாகச் சொன்னால், நல்ல நேர்க்குத்துப் புகைபோக்கியும் விறகு அடுக்க இடமும் இருக்கும் வீட்டில் மின்தடைக்கு விறகு அடுப்பே மேல். அது கிட்டத்துக்கும் பயப்படாது, பாலமும் கட்டாது.

அப்படியானால் மின்சாரமில்லாத பெல்லட் அடுப்பு யாருக்கு? ஒயிட் மவுண்டன்ஸ் பக்கம் கம்பியே போகாத மரவீடு ஒன்றில் என் பழைய அலுவலக நண்பர் வைத்திருக்கிறார். ஒரே பெரிய கூடம், நடுவே கூரையைத் துளைத்து நேராக எழும் குழாய். முதுகுவலிக்காரர், விறகு பிளக்க முடியாது, மூட்டையைப் பிரித்துக் கொட்ட முடியும். ஓய்வு பெற்றவர், அடுப்போடு பேசிக்கொண்டிருக்க நேரம் இருக்கிறது. அவருக்கு இதைவிடப் பொருத்தமான அடுப்பு இல்லை. நான் எங்கள் ஊரான நாஷுவாவில் இரண்டு பேட்டரியோடு நிறுத்திக்கொண்டேன்.

எந்த அடுப்பாக இருந்தாலும்

படுக்கையறைக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு தளத்திலும் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள். சுவரில் செருகும் வகை மட்டும் இருந்தால், எந்த இரவுக்காக வாங்கினீர்களோ அந்த இரவில் அது தூங்கிவிடும். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். கராஜ் கதவைத் திறந்துவைத்து உள்ளே ஓட்டுவதும் ஆபத்துதான். சாம்பலை உலோக வாளியில் மூடி போட்டு வெளியே, மரத் தளத்தின் மேல் அல்லாமல் கல்லின் மேல் வையுங்கள். இரண்டு நாள் கழித்தும் உள்ளே கனல் இருக்கும். குழாயை ஆண்டுக்கு ஒருமுறையாவது, விசிறி இல்லாத அடுப்பு என்றால் ஒரு டன் எரித்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

மின்தடைக்கென்று எட்டு மூட்டையைத் தனியாக ஒதுக்குங்கள். நாளுக்கு ஒன்றரை மூட்டை என்று வைத்தால் ஐந்து நாள் வரும். பெல்லட்டைக் கோடையிலேயே வாங்கிவிடுவது நல்லது. டிசம்பரில் புயல் செய்தி வந்த பிறகு கடைக்குப் போனால் பனி வாரும் மண்வெட்டியும் இருக்காது, பெல்லட்டும் இருக்காது.

எல்லாம் தயாரானதும் நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒத்திகை பாருங்கள். நாங்கள் பார்த்தோம். அடுப்பு பேட்டரியில் அழகாக ஓடியது. அலாரங்கள் சரி, டார்ச் லைட் சரி. ஒன்பது மணிக்குத் தொட்டி காலியானது. பெல்லட் எடுக்கப் போனால், வீட்டிலிருந்து தள்ளி நிற்கும் எங்கள் கராஜுக்கு வாசல் என்று இருப்பது அந்த ஒரே மின்சாரக் கதவுதான். அதைக் கையால் விடுவிக்கும் சிவப்புக் கயிறு உள்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. மெயினைப் போட்டுக் கதவைத் திறந்து, அன்றைக்கே எட்டு மூட்டையையும் கூடத்துப் படிக்கட்டின் அடிக்கு மாற்றினோம்.